சொல்லாதே என்று சொல்லலாமா?

1983ஆம் ஆண்டு மார்கழி மாதம். என் தங்கை இரண்டாவது பிரசவத்திற்காகத் தாய்வீட்டிற்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து நாற்பது நாட்கள் ஆகியிருந்தன. நான் பள்ளி விட்டு வந்து, பொழுது சாய்வதற்குள் எல்லோருக்கும் உணவு முடிக்க வேண்டுமே என்ற அவசரத்தில் அடுப்படிக்கும் முற்றத்திற்குமாக நடந்துகொண்டிருந்தேன். மார்கழியில் பொழுது எவ்வளவு விரைவில் சாயும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தங்கை தூணில் சாய்ந்து அமர்ந்திருந்தாள். குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவள் எடுக்கவில்லை.

"அக்கா, பிள்ளையப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே தோணலை. வேற யாரோ பெத்த பிள்ளை மாதிரி இருக்கு. ராத்திரியெல்லாம் தூக்கமும் வரலை" என்றாள்.

"அப்படியெல்லாம் சொல்லாதே, பாவம்! யார் காதிலாவது விழுந்தால் என்ன நினைப்பார்கள்? பஞ்ச மந்திரத்தைச் சொல்லிக்கொண்டு படு, சரியாகிவிடும்" என்று கூறிவிட்டுக் குழம்பை இறக்கப் போய்விட்டேன்.

"சரி அக்கா" என்றாள். அவ்வளவுதான். அதன்பின் அதைப் பற்றி அவள் என்னிடம் வாய் திறந்தது 2014ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட முப்பத்தோராண்டு மௌனத்திற்கு நான் கூறிய அந்த ஒரு சொல் எவ்வளவு காரணம் என்பதை இன்றளவும் எண்ணிப் பார்க்கிறேன். தங்கையின் இசைவுடன்தான் இதனை எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் மட்டும் விட்டுவிடும்படி கேட்டுக்கொண்டாள்.

வாசகர்கள் முன் நான் வைக்க விரும்பும் வினா இதுதான்: மனம் நொந்த ஒருவர் வாய் திறக்கும்போது 'சொல்லாதே' என்பது அறமாகுமா? தீய எண்ணம் கொண்டு எவரும் அச்சொல்லைக் கூறுவதில்லை. அன்பினால்தான் கூறுகிறோம், அச்சத்தினாலும் கூறுகிறோம். நம் சமூகம் மிகச் சிறியது. மேல்சித்தாமூர்த் தேர்த்திருவிழாவில் நின்றால் எதிரே வருபவரில் பாதிப்பேர் ஏதோ ஒரு வகையில் உறவாக இருப்பர். ஒரு வீட்டில் ஒருவருக்கு மனநலம் குன்றியது என்ற செய்தி பரவினால், அவ்வீட்டுப் பெண்ணுக்கு வரன் பேசும்போது அதுவும் சேர்ந்தே பேசப்படும். எனவே வாயை மூடுகிறோம். மூடப்படுவது ஊர் வாய் அன்று, நோயுற்றவரின் வாய் என்பதை மறந்துவிடுகிறோம்.

பேசுவதால் நோய் தீருமா என்று சிலர் நகைக்கக்கூடும். 'பேச்சுச் சிகிச்சை' என்னும் பெயரை முதலில் வைத்தவர் மருத்துவர் அல்லர், நோயுற்ற ஒரு பெண்மணி. 1880ஆம் ஆண்டு தொடங்கி இரண்டாண்டுக் காலம் வியன்னா நகரில் யோசெஃப் பிராயர் என்னும் மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற பெர்த்தா பாப்பன்ஹைம் என்பவரே அவர். தம் உள்ளத்தில் உள்ளவற்றை மாலைதோறும் மருத்துவரிடம் கூறக் கூறத் தமக்குச் சற்றே இலேசாவதை உணர்ந்து, அதற்கு அப்பெயரைச் சூட்டினார். அவ்வளவில் அவர் முற்றும் குணமாகிவிட்டார் என்று நூல்களில் எழுதிவிட்டார்கள். உண்மை அதுவன்று. 1882இல் அவர் சுவிட்சர்லாந்து நாட்டு மனநல விடுதி ஒன்றில் சேர்க்கப்பட்டார். பின்னாளில் நலம் பெற்று, 1904இல் ஜெர்மனியில் யூதப் பெண்கள் சங்கத்தை நிறுவி, ஆதரவற்ற பெண்களுக்காக வாழ்நாள் முழுதும் உழைத்தார். பேச்சு ஒரே நாளில் வேலை செய்யும் மந்திரமன்று என்பதையும் அவர் வாழ்க்கையிலிருந்தே அறியலாம்.

பேசுவதால் என்னதான் நிகழ்கிறது? ஓர் ஆசிரியையாக எனக்குத் தெரிந்த முறையில் விளக்க முயல்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை, "கணக்கு வரமாட்டேங்குது டீச்சர்" என்று நிற்கும். விடையை நாம் சொல்லிக்கொடுத்தால் அன்றைக்கு எழுதிக்கொள்ளும், மறுநாள் மீண்டும் வந்து நிற்கும். மாறாக, கரும்பலகை அருகே நிறுத்தி, "நீ எப்படிப் போட்டாய், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போடு" என்றால், பாதி வழியில் சாக்கட்டியுடன் கை நின்றுவிடும். "ஓ, இங்க கடன் வாங்க மறந்துட்டேன் டீச்சர்" என்று பிள்ளையே கூறும். நாம் ஒன்றும் கூறவில்லை, காத்திருந்தோம், அவ்வளவுதான். மனத்துக்குள்ளேயே போட்டபோது மறைந்திருந்த பிழை, வாய்வழியே வெளிவந்து செவியில் விழுந்தபோது தெரிந்துவிடுகிறது.

மனச்சோர்வுற்றவரின் எண்ணங்களும் இத்தகையனவே. 1960களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஆரோன் பெக் என்னும் மனநல மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். நோயாளிகள் அவரிடம் ஒன்றைப் பேசிக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் உள்ளத்தில் பேசப்படாத வேறோர் எண்ண ஓட்டமும் உடன் ஓடிக்கொண்டிருந்தது. 'நான் எதற்கும் உதவாதவள்', 'என்னால் எல்லோருக்கும் தொல்லை', 'இனி ஒன்றும் மாறாது' என்பன போன்ற எண்ணங்கள் அவை. எவரும் கேட்காததால் அவற்றை எவரும் சோதிக்கவில்லை. சோதிக்கப்படாததால் அவை உண்மைபோல் உட்கார்ந்துவிட்டன. அவற்றை வெளியே எடுத்து, 'இதற்குச் சான்று என்ன? இதற்கு மாறான சான்று உண்டா?' என்று நோயாளியும் மருத்துவருமாக அமர்ந்து ஆராயும் முறையை அவர் வகுத்தார். தம் நூறாவது வயதில் 2021ஆம் ஆண்டு அவர் காலமானார். அவர் வகுத்த முறை இன்று உலகெங்கும் வழங்குகிறது.

இச்சிகிச்சைக்குப் பெரிய மருத்துவமனையும் பட்டம் பெற்ற வல்லுநரும் வேண்டும் என்று நெடுங்காலம் நான் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது ஆப்பிரிக்கக் கண்டத்தின் ஜிம்பாப்வே நாட்டுச் செய்தி ஒன்று. அங்கே பாட்டிமார்கள் இச்சிகிச்சையை அளிக்கிறார்கள் என்று படித்தபோது, நானும் ஒரு பாட்டியாதலால் இருமுறை படித்தேன்.

அந்நாட்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு மனநல மருத்துவர்கள் பத்துப் பன்னிருவரே இருந்தனர். அவர்களுள் ஒருவர் டிக்ஸன் சிபாண்டா. 2005ஆம் ஆண்டில் அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருத்தி தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள். முன்கூட்டியே ஏன் அழைத்து வரவில்லை என்று தாயைக் கேட்டபோது, பேருந்துக் கட்டணத்திற்குப் பணமில்லை என்று கூறினாராம். நோயாளி வரட்டும் என்று மருத்துவமனையில் அமர்ந்திருப்பதில் பொருளில்லை என அவர் உணர்ந்த தருணம் அது. அதே ஆண்டில் அந்நாட்டு அரசு நகர்ப்புறக் குடிசைகளையும் கடைகளையும் இடித்துத் தள்ளியதால் இலட்சக்கணக்கானோர் வீடும் பிழைப்பும் இழந்து நின்றனர். தலைநகர் ஹராரேயின் ம்பாரே என்னும் பகுதியில் 2006இல் அவருக்குக் கிடைத்த உதவி, அப்பகுதிச் சுகாதார நிலையத்தைச் சேர்ந்த பதினான்கு பாட்டிமார் மட்டுமே. கட்டடத்திற்குள் ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை. வெளியே ஒரு மரப்பலகை இருக்கையைப் போட்டுப் பணியைத் தொடங்கினார்கள்.

மருத்துவர் அதற்கு 'மனநல இருக்கை' என்று பெயரிட்டார். அப்பெயரைக் கேட்டால் ஒருவரும் வந்து உட்கார மாட்டார்கள் என்று பாட்டிமார் கூறி, 'நட்பு இருக்கை' என்று மாற்றச் செய்தனர். படித்தவர் தவறவிட்டதைப் பாட்டிகள் பிடித்துக்கொண்டார்கள்.

ஷோனா மொழியில் மனச்சோர்வைக் குறிக்க மக்களிடம் ஒரு சொல் உண்டு: 'குஃபுங்கிசிசா'. மிகையாக எண்ணிக்கொண்டே இருத்தல் என்பது அதன் பொருள். 'மனசுல போட்டு உழட்டிக்கிட்டே இருக்கா' என்று நம் ஊரில் கூறுவது இதைத்தானே! அந்த இருக்கையில் வந்து அமர்பவரிடம் பாட்டி முதலில் பதினான்கு வினாக்களைக் கேட்கிறார். முதல் வினாவே, சென்ற வாரத்தில் மிகையான எண்ணங்களில் ஆழ்ந்திருந்தாயா என்பதுதான். பின்னர் வந்தவர் தம் இடர்களையெல்லாம் கூறுகிறார். இந்நிலைக்கு 'மனத்தைத் திறத்தல்' என்று பெயர். கூறியவற்றுள் எதனை முதலில் எடுத்துக்கொள்வது என்பதை வந்தவரே தேர்ந்தெடுக்கிறார். அதற்கு இந்த வாரம் செய்யத்தக்க சிறு செயல் எது என்பதையும் அவரே கண்டுபிடிக்கிறார். பாட்டி கூட இருந்து கேட்கிறார், அவ்வளவே. அடுத்த வாரம் மீண்டும் சந்திப்பு. இவ்வாறு ஆறு முறை வரை நிகழ்கிறது. அதன்பின், முன்னர் வந்து நலம் பெற்றவர்கள் கூடும் குழுவில் அவரும் சேர்கிறார். அங்கே பழைய பிளாஸ்டிக்கைக் கொண்டு பை பின்னிக்கொண்டே பேசுகிறார்கள். கை வேலையில் இருந்தால் வாய் தானே திறக்கும் என்பது நம் வீட்டுத் திண்ணைகளில் பூத்தொடுத்த தலைமுறைக்குத் தெரிந்ததே.

இது வெறும் நல்லெண்ணக் கதையன்று. ஹராரேயின் 24 சுகாதார நிலையங்களில் 573 பேரைக் கொண்டு முறையான ஆய்வு நடத்தி, 2016ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஆறு மாதங்களுக்குப் பின், வழக்கமான மருத்துவ உதவி பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு (49.9 விழுக்காடு) மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. நட்பு இருக்கையில் அமர்ந்து பேசியவர்களில் அது 13.7 விழுக்காடு மட்டுமே.

என் தங்கையின் நிலைக்கு இன்னும் நெருங்கிய சான்று பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டத்துக் கிராமங்களில் உள்ளது. பேறுகாலத்தில் மனச்சோர்வுற்ற தாய்மாரை ஊர்ச் சுகாதாரப் பணிப்பெண்கள் வீட்டுக்கே சென்று சந்தித்துப் பேசினர். பள்ளிப்படிப்பு முடித்த சாதாரணப் பெண்களே அப்பணியாளர்கள். 'உனக்கு மனநோய்' என்று எவரும் கூறவில்லை. குழந்தையின் நலம் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றே வீட்டாரிடம் கூறினர். ஆதலால் மாமியாரும் தடுக்கவில்லை. பிள்ளை பெற்று ஆறு மாதம் கழித்துப் பார்க்கையில், இவ்வாறு பேசப் பெற்ற தாய்மாரில் 23 விழுக்காட்டினரும், ஏனையோரில் 53 விழுக்காட்டினரும் நோயுற்றிருந்தனர் என்று 2008இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பிள்ளை பெற்ற தாய்மாரில் உலக அளவில் நூற்றுக்குப் பதின்மூன்று பேர் அளவில் மனநலக் குறைவுக்கு, அதிலும் பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியுள்ளது. 1983இல் எனக்கு இது தெரியாது. பிள்ளையைக் கண்டு தாய்க்கு ஒன்றும் தோன்றாமற்போவது ஒரு நோயின் அறிகுறி என்பதே தெரியாது. பாவம் என்றுதான் தெரியும்.

இங்கே நம் மரபிலுள்ள ஒரு சொல்லை நினைவூட்ட விரும்புகிறேன். இன்று உளவியலாரை 'மனநல ஆலோசகர்' என்கிறோம். ஆலோசனை என்றால் ஒருவர் மற்றவருக்குக் கூறும் அறிவுரை என்று பொருள் கொள்கிறோம். ஆனால் உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் பிராயச்சித்தத்தின் வகைகளைக் கூறுமிடத்தில் முதலாவதாக வைத்த ஆலோசனை அதுவன்று. குற்றம் நேர்ந்தவர் அதனை மறைக்காமல் குருவிடம் தாமே எடுத்துரைப்பதுதான் ஆலோசனை. பேசுபவர் சீடர், கேட்பவர் குரு. நாம் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு ஆளை மாற்றிவிட்டோம்!

அந்த ஆலோசனையில் நேரக்கூடிய பத்துக் குற்றங்களை நம் உரையாசிரியர்கள் விரித்துரைத்துள்ளனர். குருவை முதலில் பொருள் கொடுத்து இளகச் செய்துவிட்டுக் கூறுவது ஒன்று. பிறர் கண்டுவிட்டவற்றை மட்டும் கூறி ஏனையவற்றை மறைப்பது ஒன்று. 'இப்படிச் செய்தவருக்கு என்ன பிராயச்சித்தம்?' என்று வேறு யாருக்கோ கேட்பதுபோல் கேட்பது ஒன்று. கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே, காதில் விழாதபடி கூறுவது மற்றொன்று. இவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது. உள்ளத்தில் உள்ளதைச் சொல்ல முற்படும் மனிதன் எவ்வெவ்வாறு நழுவுவான் என்பதை அவர்கள் எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறார்கள்!

ஆயினும் ஓர் எச்சரிக்கை. ஆலோசனை குற்றத்திற்கு உரியது, மனச்சோர்வு குற்றமன்று. இரண்டையும் ஒன்றாக்கினால் நான் தங்கைக்குச் செய்த பிழையையே மீண்டும் செய்தவர்களாவோம். பேச்சு பேசுபவரிடமிருந்து வரவேண்டும், கேட்பவர் பொறுமையுடன் இருக்க வேண்டும் என்ற அளவில்தான் ஒப்புமை.

'எல்லாம் அவரவர் வினைப்பயன், அனுபவித்துத்தானே தீர வேண்டும்?' என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். காய்ச்சல் வந்தாலும் அசாதா வேதநீயம்தான். அதற்காக மருந்தை மறுக்கிறோமா? நால்வகைத் தானங்களுள் ஔஷத தானத்தை வைத்தவர்கள் வினைக்கொள்கையை அறியாதவர்களா? மனம் ஓயாமல் துன்பத்தையே எண்ணிச் சுழல்வதை ஆர்த்த தியானம் என்று வகுத்தது உண்மை. ஆனால் அதில் அழுந்தியவரைப் பார்த்து 'ஆர்த்த தியானம் செய்யாதே' என்று கூறுவது, கிணற்றில் விழுந்தவரிடம் 'நனையாதே' என்று கூறுவதற்கு ஒப்பாகும். வாரிஷேணர் கதையை அறிவீர்கள். துறவு பூண்ட பின்னும் விட்டுவந்த மனைவியையே பன்னிரண்டாண்டு எண்ணிக் கொண்டிருந்த நண்பரை அவர் ஏசவில்லை. தம் அரண்மனைக்கே உடன் அழைத்துச் சென்றார். நற்காட்சியின் எட்டு அங்கங்களில் ஸ்திதிகரணத்திற்கு நம் முன்னோர் காட்டிய சான்று அது.

உபகூஹனமும் அவ்வெட்டில் ஒன்றுதானே, பிறர் குறையை மறைப்பது அறமல்லவா என்று கேட்கலாம். ஆம், அறமே. ஆனால் என்னிடம் கூறப்பட்டதை நான் வெளியே விடாமல் காப்பதுதான் அது. கூறவே விடாமல் தடுப்பது அன்று. நான் 1983இல் இரண்டையும் குழப்பிக்கொண்டேன். உளவியலாரின் முதல் விதியே, அறைக்குள் கூறப்பட்டது உயிருக்கு ஆபத்து என்ற நிலை இல்லாதவரை அறையை விட்டு வெளியே செல்லாது என்பதுதான். அபய தானம் என்பதை உயிர்வதை செய்யாமை என்ற அளவிலேயே நெடுங்காலம் பாடம் நடத்தினேன். அச்சமின்றிப் பேச ஓரிடம் கொடுப்பதும் அதனுள் அடங்குமோ என்று இப்போது எண்ணுகிறேன்.

எல்லா மனநோய்க்கும் பேச்சே போதும் என்று கூறவில்லை. இல்லாத குரல்கள் கேட்கும் நிலை, உண்ணாமல் உறங்காமல் உடல் தளரும் நிலை, உயிரை விட்டுவிடும் எண்ணம் ஆகியவற்றிற்கு மருத்துவரும் மருந்தும் உடனே வேண்டும். பேரிடர் நிகழ்ந்த மறுநாளே பாதிக்கப்பட்டவரைக் கட்டாயப்படுத்திப் பேசவைப்பதால் நன்மையில்லை என்றும் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். பேசும் காலத்தைப் பேசுபவரே தீர்மானிக்க வேண்டும். ஹராரேயின் பாட்டிமாரும் பயிற்சி பெற்றே அமர்ந்தார்கள். தம்மால் இயலாதென்று கண்டால் மேலே அனுப்பினார்கள். நம் தமிழகத்தில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பின் தொண்டர்களும் பயிற்சி பெற்றவர்களே. 2022 அக்டோபர் முதல் மத்திய அரசு நடத்திவரும் டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். ஊராருக்கு அஞ்சுபவர்க்கு, ஊர் அறியாத ஒரு குரலிடம் தொடங்குவது எளிது.

என் தங்கை கதைக்கு வருகிறேன். 1983இல் அவள் மெல்ல மெல்ல எழுந்து நடமாடினாள், பிள்ளைகளை வளர்த்தாள். சரியாகிவிட்டது என்று நான் பெருமைகூடப் பட்டேன். 2014இல் அவள் கணவர் மறைந்த சில மாதங்களில் மீண்டும் உறக்கம் போயிற்று. சென்னையில் பணியாற்றும் அவள் மகன், அதாவது அன்று முற்றத்தில் அழுத அதே குழந்தை, அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றான். மருத்துவர் சிறிது மாத்திரையும் தந்து, வாரம் ஒருமுறை ஓர் உளவியலாரிடமும் அனுப்பினார். அவரும் ஒரு பெண்மணி, அவளைவிட இருபது வயது இளையவர்.

முதல் இரு வாரங்கள் கணவரைப் பற்றியே பேசினாளாம். மூன்றாம் வாரம், தான் எதிர்பாராமலே, அந்தப் பழைய வாக்கியம் வந்துவிட்டதாம்: "பிள்ளையப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே தோணலை." எதிரே இருந்தவர் பதறவில்லை. "ம், அப்புறம்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாராம். தங்கை அன்று முக்கால் மணி நேரம் பேசினாள். நல்ல தாயாக இல்லை என்ற ஓர் எண்ணத்தை முப்பத்தோராண்டு சோதிக்காமலே சுமந்திருக்கிறாள். இரவெல்லாம் விழித்து அப்பிள்ளைக்குப் பால் கொடுத்தது யார், மஞ்சள் காமாலை வந்தபோது இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியது யார் என்று ஒவ்வொன்றாக அவளே எடுத்துக் கூறும்படி கேட்டார்களாம்.

மூன்று மாதம் கழித்து அவள் என் வீட்டுக்கு வந்தபோது இவ்வளவையும் கூறினாள். கேட்டுக்கொண்டே இருந்தேன் என்று எழுத ஆசைதான். பாதியில் எனக்கு அழுகை வந்து, "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்று தொடங்கிவிட்டேன். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்தார்கள்: வினாவைக் கேட்டுவிட்டுப் பத்து எண்ணும் வரை வாயை மூடிக்கொண்டிருங்கள், பிள்ளை பேசும். வகுப்பில் ஏறத்தாழ நாற்பதாண்டு அதைக் கடைப்பிடித்தவள் வீட்டில் ஒரு நாளும் செய்யவில்லை.

தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீ அப்புறமா அழுவியாம். இப்ப நான் சொல்லி முடிச்சுடறேன்" என்றாள். நான் பத்து எண்ணத் தொடங்கினேன்.